கல்லாவில் ஒரு நாற்காலி

அன்புள்ள சார்,

கோவையில், ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கிளையில் வேலை பார்க்கிறேன். எங்கள் மேனேஜர் ஒஹாயோக்காரர். போன மாதம் வேலை விஷயமாக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் போய் இரண்டு வாரம் தங்கிவிட்டு வந்தார். வந்ததும் எங்கள் எல்லோருக்கும் நீளமாக ஒரு மெயில் போட்டிருந்தார். சிரித்துச் சிரித்துப் படித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே பூட்டிக் கிடக்கிறதாம், பற்பசை வாங்கப் பெட்ரோல் பங்க் வரை போனாராம். சாப்பிடப் போனால் தண்ணீருக்குக் காசு, ஐஸ் கிடையாது. சூப்பர்மார்க்கெட் கல்லாவில் இருக்கும் பெண் சிரிப்பதில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே சாமானைத் தள்ளிவிடுகிறார், பையில் போட்டுத்தரவும் ஆளில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மீட்டிங் வைத்தால் யாரும் வரவில்லை. பத்து நாள் சேர்ந்து வேலை செய்தும் ஒருவர்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ரயில் மணியடித்தாற்போல் வரும் என்றார்கள், வரவில்லை. 'வாடிக்கையாளரை மதிக்கத் தெரியாத பணக்கார நாடு' என்று முடித்திருந்தார்.

நீங்கள் அந்த ஊரில் சில வருடம் இருந்திருக்கிறீர்கள். அவர் சொல்வதெல்லாம் சரிதானா? இன்னும் மூன்று மாதத்தில் நானும் போகவேண்டியிருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

ர., கோவை

அன்புள்ள ர.,

உங்கள் மேனேஜர் எழுதியதில் எதுவும் பொய்யாக இருக்காது. எனக்கும் பாதிக்கு மேல் நடந்திருக்கிறது. ஆனால் அந்த மெயில் முழுக்க அவர் ஒரே இடத்தில்தான் நிற்கிறார், கவனித்தீர்களா? கல்லாவுக்கு இந்தப் பக்கம், பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு. இரண்டு வாரம் ஹோட்டலில் தங்குகிறவருக்கு வேறு இடமும் இல்லை, அது அவர் குற்றமல்ல. ஆனால் அவர் குறைப்பட்ட அநேக விஷயங்கள் கல்லாவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்காக ஏற்பட்டவை.

அந்தச் சிரிக்காத பெண்ணையே எடுத்துக்கொள்வோம். அவர் உட்கார்ந்திருக்கிறார். ஜெர்மனியில் சூப்பர்மார்க்கெட் கல்லா என்றால் அதற்கொரு நாற்காலி உண்டு. அமெரிக்காவில் அதே வேலையைப் பெரும்பாலும் ஷிஃப்ட் முழுக்க நின்றபடியே செய்கிறார்கள். உங்கள் மேனேஜருக்கு நிற்பது கண்ணில் பட்டிருக்காது, உட்கார்ந்தது பட்டிருக்கிறது. நமக்கு மட்டும் என்ன? தி.நகர் ஜவுளிக்கடைகளில் காலை முதல் இரவுவரை நிற்கும் பெண்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போடவேண்டும் என்று விதித்த பிறகுதான், அட ஆமாம், அவர்கள் நின்றுகொண்டல்லவா இருந்தார்கள் என்று நம்மில் பலருக்கு உறைத்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்திருக்கிறது.

சிரிப்புக்கு வருகிறேன். அமெரிக்கக் கடைச் சிரிப்பை ஜெர்மனிக்கு இறக்குமதி செய்து பார்த்த கதை ஒன்று உண்டு. 1997 கடைசியில் வால்மார்ட் அங்கே போய், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த இரண்டு கடைத்தொடர்களை அடுத்தடுத்து வாங்கியது. வாசலில் நின்று வரவேற்க ஆள், சாமானைப் பையில் போட்டுத்தர ஆள், சிரித்த முகம் என்று எல்லாம் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கப்படியே. ஜெர்மானியர்களுக்கு இது ஒட்டவில்லை. தெரியாத ஒருவர் தாங்கள் காசு கொடுத்து வாங்கிய சாமானை ஏன் தொடுகிறார் என்று கூச்சப்பட்டார்கள். அப்புறம், பால், எண்ணெய் போன்றவற்றைக் கொள்முதல் விலைக்கும் கீழே விற்று ஆளை இழுக்கப் பார்த்தபோது, 2000-இல் வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் அரசு அலுவலகம் குறுக்கே வந்து விலையை ஏற்றச்சொன்னது.

எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருகிறது. ஊழியர்களுக்கு ஒரு நடத்தை விதித்தொகுப்பு கொடுத்தார்கள். யார் யாரோடு காதல் உறவு வைத்துக்கொள்ளக்கூடாது என்பதுகூட அதில் இருந்தது, சக ஊழியர் விதியை மீறினால் போட்டுக்கொடுக்க ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தது. அமெரிக்கத் தலைமையகத்துக்கு இது வழக்கமான காகிதம். ஆனால் ஜெர்மனியில் ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில்கூட ஊழியர்கள் தங்களுக்கென்று ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஊழியர் நடத்தை பற்றி விதி போடுவதானால் அந்தக் குழுவைக் கலந்துதான் போடமுடியும். குழு நீதிமன்றத்துக்குப் போனது. 2005-இல் டுசல்டோர்ஃப் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம், யார் யாரைக் காதலிப்பது என்பதில் முதலாளிக்கு வேலையில்லை என்ற பொருளில் தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் வால்மார்ட் தன் 85 கடைகளையும் மெட்ரோ என்ற ஜெர்மன் வணிகக் குழுமத்திடம் விற்றுவிட்டு ஊர் திரும்பியது. சிரிப்பாலும் காதலாலும் மட்டும் தோற்றது என்று சொன்னால் அது கட்டுக்கதையாகிவிடும். ஆல்டி, லிடல் போன்ற உள்ளூர்க் கடைகளின் மலிவோடு அவர்களால் மோதமுடியவில்லை, பெரிய காரணம் அதுதான். சிரிப்பில்லாத அந்தக் கடைகள்தான் மலிவாக விற்றன என்பதை உங்கள் மேனேஜரிடம் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை. நான் முதன்முதலாக ஸ்டுட்கார்ட்டில் போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு. மறுநாள் காலை பசியோடு தெருத்தெருவாக அலைந்து, கடைசியில் நானும் பெட்ரோல் பங்கில்தான் ரொட்டி வாங்கினேன். பயணிகளுக்கு வேண்டியதைப் பெட்ரோல் பங்கும் ரயில் நிலையமும் ஞாயிறன்றும் விற்கலாம் என்று சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆக உங்கள் மேனேஜர் பற்பசை வாங்கியது முறைப்படிதான், அவர் பயணிதானே.

ஞாயிறு என்பது அங்கே பழக்கம் மட்டுமல்ல, அரசியல் சாசன விஷயம். ஜெர்மனியின் முதல் குடியரசுக்காக 1919-இல் எழுதிய வைமார் சாசனம், ஞாயிறையும் விடுமுறை நாட்களையும் வேலையிலிருந்து ஓய்வு கொள்ளவும் மனம் உயரவுமான நாட்களாகச் சட்டம் காக்கவேண்டும் என்றது. அந்த வைமார் குடியரசை ஹிட்லர் ஒழித்தார். போருக்குப் பின் 1949-இல் புதிய சாசனம் எழுதியவர்கள், பழையதிலிருந்து இந்த வரியை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1956-இல் கடையடைப்புச் சட்டம் வந்தது. வார நாட்களில் மாலை ஆறரைக்கு, சனிக்கிழமை பொதுவாக மதியம் இரண்டுக்குக் கடையை மூடவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். 1989-இல் வியாழன் மட்டும் இரவு எட்டரை வரை, 1996-இல் வார நாட்களில் எட்டு வரை, 2006-க்குப் பிறகு நேரத்தை முடிவு செய்யும் பொறுப்பு மாநிலங்களிடம். ஞாயிறு மட்டும் அசையவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று பெர்லின் அனுமதித்தபோது தேவாலயங்கள் வழக்குப் போட்டன. தொழிற்சங்கங்களும் அதே பக்கம் நின்றன. 2009 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. பாதிரியாரும் தொழிற்சங்கக்காரரும் ஒரே வரிசையில் நிற்கிற காட்சி வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது.

சரி, அந்த ஞாயிறு எல்லோருக்கும் கிடைக்கிறதா? எனக்கு ரொட்டி விற்றவருக்குக் கிடைக்கவில்லை. டிராம் ஓட்டுகிறவர், நர்ஸ், ஓட்டல் சமையல்காரர் யாருக்கும் கிடைக்கவில்லை. இதைச் சொல்லாமல் ஜெர்மனியைப் புகழ்ந்தால் நானும் உங்கள் மேனேஜரைப் போல ஒரு பக்கம் மட்டும் நின்றவனாகிவிடுவேன்.

தண்ணீருக்குக் காசு வாங்குவது எனக்கும் பிடிக்காது. ஆனால் சாப்பாட்டுக்கடை விலைப்பட்டியலில் போட்டிருக்கும் விலைதான் கடைசி விலை, வரி அதற்குள்ளேயே அடக்கம். டிப்ஸ் என்பது 18.40 யூரோ பில்லுக்கு 'இருபது' என்று வாயால் சொல்லி முடித்துவிடுகிற சமாச்சாரம். அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்கவேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அதே தொகை. மீதியை வாடிக்கையாளர் மேசையில் வைத்துவிட்டுப் போகிற காசுதான் நிரப்பவேண்டும். ஜெர்மனியில் 2015-இல் 8.50 யூரோவில் தொடங்கிய குறைந்தபட்சக் கூலி, பரிமாறுகிறவருக்கும் அதே அளவுதான். ஆகவே அவர் உங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டவேண்டிய அவசியமில்லை. ஐஸ் விஷயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, சும்மா கேட்டால் இரண்டு துண்டு போடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்! வெள்ளி ஒரு மணிக்கு மேல் அவரவர் பாடு என்று ஜெர்மனில் எதுகையோடு ஒரு வழக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு நாலு மணிக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? அங்கே வருடாந்திரச் சம்பள விடுப்பு 1963-லிருந்து சட்டம், இப்போது குறைந்தது நான்கு வாரம். பல நிறுவனங்கள் ஆறு வாரம்கூடத் தருகின்றன. அமெரிக்காவில் ஒரு நாளாவது கொடுத்தே ஆகவேண்டும் என்று மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. உங்கள் மேனேஜர் போன வருடம் எத்தனை நாள் லீவு போட்டார் என்று பக்குவமாகக் கேட்டுப்பாருங்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடாதது பற்றி உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அவர்கள் மொழியில் 'ஸீ' என்றால் நீங்கள், 'டூ' என்றால் நீ. பத்து நாள் பழக்கத்தில் எந்த அலுவலகத்தில் நாம் 'நீ'க்குப் போகிறோம்? இளைஞர்கள் நிறைந்த நிறுவனங்களில் இப்போது முதல் நாளே 'டூ'தான் என்கிறார்கள். ஆனால் ஸ்டுட்கார்ட் பக்கத்துப் பழைய தொழிற்சாலைக்காரர்கள் நிதானமானவர்கள். மூத்தவர் 'டூ' சொல்லலாமே என்று ஆரம்பித்துவைக்கும்வரை காத்திருப்பது மரியாதை.

ரயில் விஷயத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி. 2024-இல் தொலைதூர ரயில்களில் நூற்றுக்கு அறுபத்திரண்டுதான் நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிடத்துக்குள் வந்தால் தாமதமே இல்லை என்ற கணக்கில்.

அவர் ஹோட்டலில் இருந்ததால் பார்க்கமுடியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஊரில் 'கேர்வோஹே' என்று ஒன்று இருக்கிறது, பெருக்கும் வாரம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வரும். அந்த வாரம் மாடிப்படியை, சில வாரம் வாசல் நடைபாதையையும், நீங்கள்தான் கூட்டவேண்டும். உங்கள் முறை வந்ததற்கு அடையாளமாகக் கதவில் ஒரு சிறிய பலகை தொங்கும். நகரத்தைச் சுத்தமாக வைப்பது பற்றி 1492-லேயே ஊர்ச்சட்டம் போட்டவர்கள். நகராட்சி விதியாக இருந்ததை 1988-இல் எடுத்துவிட்டார்கள், ஆனால் வாடகை ஒப்பந்தங்களில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. முதல் தடவை பலகை தொங்கியபோது படியைப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. விட்டுவிட்டேன். சனிக்கிழமை கீழ்வீட்டு அம்மாள் கதவைத் தட்டினார். "சுத்தமாகத்தானே இருக்கிறது" என்றேன். "சுத்தமாக இருந்தாலும் கூட்டவேண்டும்" என்றார். இன்னொரு ஞாயிறு, காலி பாட்டில்களைக் கண்ணாடி சேகரிக்கும் பொதுத்தொட்டியில் போட்டுச் சத்தம் எழுப்பியதற்கும் அவரே ஜன்னலைத் திறந்தார். பக்கத்துவீட்டுக்காரரின் ஓய்வைக் காக்கிற நாட்டில் பக்கத்துவீட்டுக்காரரே போலீஸும் ஆகிவிடுகிறார். நான்கு வருடத்தில் எனக்குப் பழகாதது அது ஒன்றுதான்.

பாட்டில் என்றதும் இன்னொன்று. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம். கடை இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் சீட்டு வரும், கல்லாவில் காசாக்கலாம். மாலையில் ரயில் நிலையக் குப்பைத்தொட்டிக்குள் கைவிளக்கு அடித்துப் பாட்டில் தேடும் முதியவர்களைப் பார்ப்பீர்கள். பென்ஷன் போதாதவர்கள். அவர்கள் குப்பையில் கைவிடவேண்டாம் என்று, விவரம் தெரிந்தவர்கள் பாட்டிலைத் தொட்டிக்கு வெளியே ஓரமாக வைத்துவிட்டுப் போவார்கள். பணக்கார நாடு என்று உங்கள் மேனேஜர் எழுதியிருக்கிறாரே, அங்கேதான்.

நீங்கள் போகும்போது, ஞாயிற்றுக்கிழமை இறங்குவதானால் விமான நிலையத்திலேயே ரொட்டியும் பாலும் வாங்கிக்கொள்ளுங்கள். டிராலி எடுக்க ஒரு யூரோ நாணயம் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். பாட்டிலை நசுக்காதீர்கள், இயந்திரம் வாங்காது. கல்லாவில் சாமான் சரசரவென்று வரும், பயப்படாமல் அள்ளி டிராலியில் போட்டுக்கொண்டு ஓரமாகப் போய் அடுக்கலாம். அதற்கு முன் அந்தப் பெண்ணுக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள், நிச்சயம் பதில் வணக்கம் வரும். கிளம்பும்போது அந்தப் பக்கத்து வயதானவர்கள் 'அடே' என்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், போய்வாருங்கள் என்று அர்த்தம்.