கோத்தகிரி அம்மாவுக்கு: அந்த மீட்டர் வேலை பற்றி

பத்தாம் வகுப்பு முடித்த மகன் ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் பிரிவுதான் வேண்டும் என்கிறான், "டப்பாவில் நம்பர் பார்க்கிறதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான் அம்மா. நம்பர் பார்ப்பதற்குப் படிப்பு வேண்டாம். அந்த நம்பரை நம்பலாமா என்று சொல்வதற்குத்தான் வேண்டும்.

நீங்கள் பறிக்கிற கொழுந்து போய்ச் சேரும் ஃபேக்டரியையே எடுத்துக்கொள்வோம். தேயிலையை உலர்த்தும் டிரையர் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் மின்னும் மீட்டருக்குச் சூடு என்றால் என்னவென்றே தெரியாது. உள்ளே இருக்கும் சென்சாரின் அளவை டிரான்ஸ்மிட்டர் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்சாரமாக மாற்றி அனுப்புகிறது. எத்தனை மில்லிஆம்பியர் வந்தால் எத்தனை டிகிரி காட்ட வேண்டும் என்று மீட்டருக்கு ஒருவர் செட் செய்து வைத்திருப்பார். டிரான்ஸ்மிட்டர் 0 முதல் 200 டிகிரிக்கானது, அவர் மீட்டரில் 0 முதல் 150 என்று பதிந்துவிட்டார் என்று வையுங்கள். டிஸ்ப்ளே 100 காட்டும்போது உள்ளே 133 டிகிரி! தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் நம்பரை நம்பித் தீயை அப்படியே விடுவார், தூள் கருகிப் போகும். இத்தனைக்கும் எந்தக் கருவியும் பழுதாகவில்லை.

அப்புறம், சைபரை விட்டுவிட்டு ஏன் 4-லிருந்து ஆரம்பிக்கிறார்கள்? டிரையர் ஆறிக் கிடந்தாலும் 4-க்குக் குறையாது, கம்பி அறுந்தால் மின்சாரம் சைபராகிவிடும். டிரையர் ஆறிக் கிடக்கிறதா, கம்பி அறுந்து கிடக்கிறதா என்று அதை வைத்தே பிரித்துவிடலாம். இதை மகனிடம் சொல்லிப் பாருங்கள். மேற்கொண்டு நாலு கேள்வி கேட்டால் அவன் இந்த வேலைக்கு ஏற்ற பையன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஃபேக்டரியில் மழைக்காலம் முழுக்க நம்பர் தாவிக்கொண்டே இருந்தது. புது மீட்டர் வாங்கி மாட்டினோம், அதுவும் தாவியது. கடைசியில் பார்த்தால் கம்பிகளை இணைக்கும் ஜங்ஷன் பாக்ஸுக்குள் மேகம் புகுந்து, கம்பியை முறுக்கும் டெர்மினலில் பச்சை பூத்திருந்தது. துடைத்து முறுக்கியதும் சரியாகிவிட்டது. மீட்டருக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். நம் மலையில் ஈரம்தான் முதல் எதிரி.

படிப்பு 2 வருடம். கணக்கும் அறிவியலும் ஓரளவு வந்தால் போதும். முடித்த பிறகு டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. இல்லையென்றால் உதவித்தொகையோடு அப்ரண்டிஸாகப் போகலாம். என்னைக் கேட்டால் முதலில் அப்ரண்டிஸ்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். மலையில் இந்த வேலை கொஞ்சம்தான். டீ ஃபேக்டரிகள் இருக்கின்றன, தண்ணீர் மட்டத்தையும் அழுத்தத்தையும் ராத்திரி பகலாகப் பார்க்க வேண்டிய குந்தா, பைக்காரா மின் நிலையங்கள் இருக்கின்றன. மற்றபடி கோயம்புத்தூர், ஓசூர் என்று கீழேதான் இறங்க வேண்டும். பிள்ளை கண் முன்னாலேயே இருக்க வேண்டும் என்றால், விண்ணப்பம் போடும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.

அதற்கு முன்னால், டீமேக்கரிடம் கேட்டு ஒரு நாள் மகனை டிரையர் பக்கம் நிற்க வையுங்கள். மீட்டரின் முன்பக்கத்தை ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், மிச்ச நேரம் முழுக்கப் பேனலின் பின்பக்கம் நிற்கட்டும்.