பழைய அம்ப்ளிஃபயருக்கு மாற்று டிரான்சிஸ்டர்: அதே இலக்கத்தைத் தேடி அலைய வேண்டுமா?

கேள்வி: அப்பா வாங்கிய ஜப்பான் ஸ்டீரியோ அம்ப்ளிஃபயர் ஒன்று வீட்டில் இருக்கிறது. 1970களின் கடைசியில் வந்தது. போன மாதம் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'டப்' என்று நின்றுவிட்டது. இப்போது சுவிட்சைப் போட்டவுடன் ஃபியூஸ் போகிறது. திறந்து பார்த்த திருத்துநர், இடது பக்கத்துப் பவர் டிரான்சிஸ்டர் இரண்டும் ஷோர்ட் என்கிறார். அவற்றின் மேல் டி424, பி554 என்று இருக்கிறது. புறக்கோட்டையில் ஒரு கடையில் அதே இலக்கம் மிக மலிவாகக் கிடைக்கிறது. இன்னொரு கடையில் 2என்3055 போட்டால் போதும் என்கிறார்கள். எதை வாங்குவது? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். முதலாவது பெரும்பாலும் போலி. இரண்டாவது அசலாகவே இருந்தாலும் உங்கள் செட்டில் தாங்காது.

ஜப்பான் டிரான்சிஸ்டர்களில் முன்னால் வரும் '2எஸ்' என்பதைப் பெரும்பாலும் உடம்பில் அச்சிடுவதில்லை. ஆகவே உங்களிடம் இருப்பவை 2எஸ்டி424, 2எஸ்பி554 என்ற தோஷிபா சோடி. முன்னது என்பிஎன், பின்னது பிஎன்பி, அதாவது கரண்ட் ஓடும் திசை எதிரெதிரான இரண்டு வகை. இரண்டும் 180 வோல்ட், 15 அம்பியர், 150 வாட் தாங்கக்கூடியவை. உற்பத்தி நின்று பல காலமாகிவிட்டது. உற்பத்தி நின்ற ஒரு பொருள் எந்தக் கடையில் கேட்டாலும் புத்தம் புதிதாக, மலிவாக, வேண்டிய எண்ணிக்கையில் வருகிறது என்றால், அது எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும். சின்ன சில்லு (உள்ளே வேலை செய்யும் சிலிக்கன் துண்டு) உள்ள ஏதோ ஒரு டிரான்சிஸ்டரின் பழைய எழுத்தை அழித்துவிட்டு, கேட்கிற இலக்கத்தை மேலே அச்சிட்டு விற்பது உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம். முதலாம் குறுக்குத் தெருவில் அதை விற்பவருக்கே பல நேரம் இது தெரியாது. பெட்டியில் வந்ததை அவர் கொடுக்கிறார். இந்தப் போலிகள் மீற்றரில் சரியாகக் காட்டும், மெதுவாகப் பாடும்போது பாடவும் செய்யும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியவுடன் போய்விடும், போகும்போது தம்மை இயக்கும் ட்ரைவர் டிரான்சிஸ்டர்களையும் கூட்டிக்கொண்டு போகும்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: பழைய இலக்கத்தைத் தேடாதீர்கள், அந்த இடத்தில் அந்த டிரான்சிஸ்டர் செய்த வேலையைப் பாருங்கள். அதே வேலையைச் செய்கிற, இன்னும் உற்பத்தியில் உள்ள வேறு இலக்கத்தை நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள்.

உங்கள் செட்டுக்குப் பொருந்துவது ஒன்செமி நிறுவனத்தின் எம்ஜே21194, எம்ஜே21193 சோடி. என்பிஎன் இருந்த இடத்துக்கு 21194, பிஎன்பி இருந்த இடத்துக்கு 21193. இவை 250 வோல்ட், 16 அம்பியர், 250 வாட். அதே டிஓ-3 இரும்புத் தொப்பி உடம்புதான், கால்களும் துளைகளும் அப்படியே பொருந்தும். கடைசியில் 'ஜி' என்று இருந்தால் ஈயம் கலக்காத வகை என்று அர்த்தம், வேறு வித்தியாசம் இல்லை.

அது கிடைக்காவிட்டால் எம்ஜே15003, எம்ஜே15004 சோடியைப் பார்க்கலாம். ஆனால் அவை 140 வோல்ட்தான் தாங்கும், அதனால் முதலில் உங்கள் செட்டின் சப்ளை எத்தனை வோல்ட் என்று பார்க்க வேண்டும். பிளஸ் பக்கம் 50, மைனஸ் பக்கம் 50 என்றால் ஒரு டிரான்சிஸ்டர் தாங்க வேண்டியது இரண்டையும் கூட்டிய 100 வோல்ட். ஃபியூஸ் போகிற செட்டில் இதை அளப்பது கஷ்டம். உள்ளே நிற்கும் இரண்டு பெரிய ஃபில்டர் கப்பாசிட்டர்களில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 63 வோல்ட் என்றிருந்தால் சப்ளை அதற்கு மேல் இருக்காது, ஆக மொத்தம் 126 வோல்ட்டைத் தாண்டாது. 2என்3055 ஏன் கூடாது என்பதும் இதிலேயே தெரியும்: அதன் எல்லை 60 வோல்ட். நல்ல டிரான்சிஸ்டர்தான், இந்த இடத்துக்கானது அல்ல.

இன்னொரு யோசனையும் உங்களுக்கு வரும், கடைக்காரரும் சொல்லுவார்: 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 போடலாமே என்று. 230 வோல்ட், 15 அம்பியர், எண்களைப் பார்த்தால் பொருத்தம்தான். ஆனால் அது தட்டையான பிளாஸ்டிக் உடம்பு, ஹீட்சிங்கில், அதாவது சூட்டை இறக்கும் உலோகத் தகட்டில், புதிதாகத் துளை போட வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் வேகம். அதன் வேகம் 30 மெகாஹெர்ட்ஸ், எம்ஜே21194க்கோ 4 மெகாஹெர்ட்ஸ். பழைய சர்க்கிட் மெதுவான டிரான்சிஸ்டரை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது. மிக வேகமானதைப் போட்டால் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் அது தானாகவே ஆடத் தொடங்கலாம். பாட்டு ஒன்றும் இல்லாமலேயே ஹீட்சிங் கொதிக்கும். அந்த ஆட்டத்தைத் திரையில் காட்டும் ஒசிலோஸ்கோப் இல்லாதவர் இந்த வழியில் போக வேண்டாம்.

எங்கே வாங்குவது? மவுசர், டிஜிகீ, ஃபார்னெல் போன்ற, உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்களிடம். இரண்டு டிரான்சிஸ்டருக்குக் கூரியர் கட்டணம் பொருளின் விலையை மிஞ்சிவிடும் என்பது உண்மை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓர்டர் செய்யலாம், அல்லது லண்டனிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினர் வீட்டு முகவரிக்கு அனுப்பி எடுப்பிக்கலாம். நம்மில் யாருக்குத்தான் அங்கே ஒரு மாமாவோ சித்தியோ இல்லை?

புறக்கோட்டையில்தான் வாங்குவேன் என்றால், சோதித்து வாங்குங்கள். கப்பாசிட்டர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீற்றரில், உங்கள் செட்டின் நல்ல பக்கத்திலிருந்து ஒரு பழைய டிரான்சிஸ்டரைக் கழற்றி, பேஸ், கலெக்டர், எமிட்டர் என்ற அதன் மூன்று முனைகளில் பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அதே அளவு சில்லுள்ள புதியது அதற்குக் கிட்டத்தில் காட்டும். மூன்றில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு என்று வந்தால் உள்ளே சின்ன சில்லு. நெயில் பொலிஷ் அழிக்கும் அசிட்டோனால் தேய்த்துப் பாருங்கள், எழுத்து கையோடு வந்தால் விட்டுவிடுங்கள். நிறைய வாங்குகிறவர் ஒன்றைத் தியாகம் செய்து தொப்பியை அறுத்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் நிச்சயமானது.

சரி, டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. உடனே போட்டுவிடாதீர்கள். பவர் டிரான்சிஸ்டர் தனியாகப் போவது அபூர்வம். அதே பக்கத்து ட்ரைவர் இரண்டையும், எமிட்டரில் இருக்கும் 0.22 அல்லது 0.33 ஓம் வெள்ளைச் சீமெந்து ரெசிஸ்டர்களையும், பாட்டு இல்லாதபோதும் ஓடும் சிறு கரண்டை (பயஸை) நிர்ணயிக்கும் பயஸ் டயோடையும் கட்டாயம் பாருங்கள். அந்த டயோடு பழைய செட்களில் இரண்டு மூன்று டயோடு ஒரே உடம்பில் அடங்கிய விசேஷ வகை, ஹீட்சிங்கோடு ஒட்டியிருக்கும். அது போயிருந்தால் 1என்4148 டயோடுகளை அதே எண்ணிக்கையில் தொடராக வைத்து, ஹீட்சிங்கில் அதே இடத்தில் சூடு படும்படி ஒட்ட வேண்டும். காற்றில் தொங்கவிட்டால் டிரான்சிஸ்டர் சூடாவது அதற்குத் தெரியாது, பயஸ் ஏறிக்கொண்டே போகும்.

சின்ன டிரான்சிஸ்டர்களை மாற்ற நேர்ந்தால் கால்களின் வரிசையைக் கவனியுங்கள். தட்டையான முகத்தைப் பார்த்தால் ஜப்பான் வகைகள் பல எமிட்டர், கலெக்டர், பேஸ் என்று வரும். பிசி547 கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்5551 எமிட்டர், பேஸ், கலெக்டர். முன்கட்டத்தில் இரையும் பழைய 2எஸ்ஏ726க்குக் கேஎஸ்ஏ992 நல்ல மாற்று, கால்களைத் திருப்ப வேண்டியதில்லை.

கப்பாசிட்டருக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. வோல்ட் அதே அல்லது கூட, 105 பாகை சூடு தாங்கும் வகை, 50 மைக்ரோஃபரட் இருந்த இடத்தில் 47 தாராளமாகப் போடலாம். ஆனால் பிகோஃபரட் கணக்கில் உள்ள சின்ன செரமிக்குகளின் அளவை மாற்றாதீர்கள், செட் ஆடாமல் பிடித்திருப்பவை அவைதான். ஃபியூசிபிள் ரெசிஸ்டருக்கு அதே வகையையே போடுங்கள். கோளாறு வந்தால் தீப்பிடிக்காமல் தானே அறுந்து போவதற்காக வைத்தது அது. வெள்ளவத்தையில் கடற்காற்று வீட்டுக்குள்ளேயே வருவதால், ஸ்பீக்கர் ரிலேயின் தொடுமுனைகளும் கறுத்திருக்கும். மாற்றினால் கொயில் வோல்ட்டும் கொயில் ஓமும் ஒன்றாக இருக்கட்டும்.

நல்ல பக்கத்து டிரான்சிஸ்டர்களையும் மாற்ற வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். உயிரோடு இருக்கும் அசல் பொருள் இனிக் கிடைக்காது, இரண்டு பக்கத்துக்கும் காதில் வித்தியாசம் தெரியப்போவதுமில்லை.

கை வைக்குமுன் பெரிய கப்பாசிட்டர்களை 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் இறக்குங்கள், ஸ்குரூ ட்ரைவரால் ஷோர்ட் பண்ணாதீர்கள். டிஓ-3யில் உடம்பே கலெக்டர். கரண்ட் கடத்தாத மைக்கா தகடும் சூடு கடத்தும் பேஸ்ட்டும் புதிதாகப் போட்டு, உடம்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் தொடர்பு இல்லை என்று மீற்றரில் உறுதிசெய்த பிறகே ஈயம் வையுங்கள்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 60 வாட் பழைய குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்துக் கொடுங்கள். செட் 100 வோல்ட் ஜப்பான் வகை, ஸ்டெப்டவுனில் ஓடுகிறது என்றால் பல்ப் 230 வோல்ட் பக்கத்தில் இருக்கட்டும். பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, எரிந்தபடியே நின்றால் உடனே நிறுத்துங்கள், இன்னும் எங்கோ ஷோர்ட் இருக்கிறது. மங்கிய பிறகு ஸ்பீக்கர் முனையில் டிசி அளந்து பாருங்கள், 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அப்புறம் பல்பை எடுத்துவிட்டு, பயஸை மிகக் குறைவிலிருந்து மெல்ல ஏற்றி, சேர்விஸ் மெனுவலில் உள்ள அளவுக்கு வையுங்கள். 0.33 ஓம் ரெசிஸ்டரில் 10 மில்லிவோல்ட் என்றால் ஓடுவது சுமார் 30 மில்லி அம்பியர். இருபது நிமிடம் சூடாகவிட்டு மறுபடியும் அளந்து சரிசெய்யுங்கள். அது அசையாமல் நின்றால், முதலில் ஒரு மலிவான ஸ்பீக்கரைக் கொடுத்துப் பாருங்கள், அப்பாவின் ஸ்பீக்கர்களை அதற்குப் பிறகு இணைக்கலாம்.