வாசகர் கேள்வி – பதில்: மிக்கி மேன்டிலின் பழைய அட்டைகள்

பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படத்தை அச்சிட்டுப் பபிள்கம் பொட்டலத்தில் வைத்து விற்ற பழைய அட்டைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் பெரும்பகுதி மிக்கி மேன்டில் என்ற ஒருவரையே சுற்றி வந்திருக்கிறது. ஒக்லஹோமா மாநிலத்தில் 1931-இல் பிறந்து, 19 வயதில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குள் நுழைந்து, 1968 வரை அந்த ஓர் அணிக்கே ஆடி, 536 ஹோம் ரன்களும் ஏழு உலகத் தொடர் (அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டுக் கோப்பை) வெற்றிகளும் கண்டவர் அவர். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ஹோம் ரன்னைச் சிக்ஸருக்கு ஒப்பான அடி என்று சொன்னால் விளங்கும். இம்முறை அவருடைய அட்டைகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த அமெரிக்கப் பெரியவர் வீட்டைக் காலி செய்து போகும்போது, ஒரு சுருட்டுப் பெட்டி நிறையப் பழைய அட்டைகளை என் மகனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவற்றுள் 1952-ஆம் ஆண்டு டாப்ஸ் என்ற அட்டை நிறுவனம் வெளியிட்ட மேன்டில் அட்டை ஒன்றும் இருக்கிறது. அது உண்மையானதுதானா என்று எப்படி அறிவது?
– ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: முதலில் ஓர் அளவுகோலை எடுங்கள். 1952-ஆம் ஆண்டின் டாப்ஸ் அட்டை 2⅝ அங்குல அகலமும் 3¾ அங்குல உயரமும் கொண்டது. டாப்ஸ் நிறுவனமே 1983-இல் அந்த ஆண்டின் அட்டைத் தொகுப்பை மறுபதிப்புச் செய்தபோது, இன்று வழக்கத்தில் உள்ள 2½ அங்குலத்துக்கு 3½ அங்குலம் என்ற அளவில்தான் அச்சிட்டது. எனவே உங்கள் அட்டை சிறியதாக இருந்தால் விடை அங்கேயே கிடைத்துவிடும். மறுபதிப்பின் பின்பக்கத்தில் அது மறுபதிப்பு என்று அச்சிடப்பட்டிருக்கும். அந்த எழுத்துகளைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்க முயல்பவர்களும் உண்டு என்பதால், பின்பக்கத்தில் ஓரிடம் மட்டும் தேய்ந்து மெலிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

அளவு சரியாக இருந்தாலும் அட்டை உண்மையானது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நகைக்கடைக்காரர் கல்லைப் பார்க்கப் பயன்படுத்துகிறாரே, அத்தகைய பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கி, மேன்டிலின் முகத்தையும் அவருக்குப் பின்னால் உள்ள வெளிர்நீல நிறத்தையும் பாருங்கள். நிறங்கள் யாவும் நுண்ணிய புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். பிறகு அதே லென்ஸைப் பெயர் எழுதியிருக்கும் கட்டத்துக்கு நகர்த்துங்கள். உண்மையான அட்டையில் கறுப்பு எழுத்துகளும் கோடுகளும் புள்ளியில்லாமல், ஒரே மை இழுப்பாக, ஓரம் தெளிந்து நிற்கும். ஓர் அட்டையைப் படம் எடுத்து அதிலிருந்து அச்சிட்ட போலியில் அந்த எழுத்துகளும் புள்ளிகளாக உடைந்து போயிருக்கும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, அதே 1952 தொகுப்பில் பெயர் அறியாத ஆட்டக்காரர் ஒருவரின் கிழிந்த அட்டையைக் குறைந்த விலையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அட்டையின் பின்பக்கத்தில் பந்துபோல் வரைந்த படத்துக்குள் 311 என்ற தொகுப்பு வரிசை எண் இருக்கும். அந்தப் பந்தின் தையல் கோடுகள் சில அட்டைகளில் ஒரு திசையையும் வேறு சில அட்டைகளில் எதிர்த் திசையையும் நோக்கியிருக்கும். இரண்டுமே அசல் அச்சுதான். ஒரே அச்சுத்தாளில் மேன்டில் இருமுறை இடம்பெற்றதால் வந்த வேறுபாடு அது. இதைப் பார்த்துவிட்டுப் போலி என்று பயந்து குறைந்த விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இறுதியாக, பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி. போன்ற, அட்டை அசலா என்று ஆராய்ந்து தர எண் இடும் தரச்சான்று நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பாமல் எந்த முடிவும் செய்ய வேண்டாம். அசல் என்று சான்று வந்துவிட்டால் அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிடுங்கள் என்பது, நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்ல விரும்பும் ஆலோசனை. மதிப்பு தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா என்ற ஐயம் உங்கள் வீட்டில் அந்த அட்டையோடு சேர்ந்து இருந்துகொண்டிருக்கக் கூடாது.

கேள்வி: ஒரே தாளில் இருமுறை அச்சான அட்டை அரிய அட்டை ஆகாதே? பிறகு ஏன் இவ்வளவு விலை?
– ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: நியாயமான கேள்வி. அந்தத் தொகுப்பின் மற்ற உயர் எண் அட்டைகள் பலவற்றைவிட மேன்டில் அதிகமாகவே அச்சானார். ஆனால் 311 முதல் 407 வரையிலான அந்தக் கடைசிப் பகுதி, பேஸ்பால் பருவம் முடியும் தறுவாயில் கடைக்கு வந்தது. பிள்ளைகளின் கவனம் அதற்குள் அமெரிக்கக் கால்பந்துக்குப் போயிருந்தது. விற்காமல் தங்கிய பெட்டிகள் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்தன. அந்தத் தொகுப்பை உருவாக்கிய சை பெர்கர், 1960-ஆம் ஆண்டளவில் அவற்றை ஒரு படகில் ஏற்றி நியூ ஜெர்சிக் கடற்கரைக்கு அப்பால் அட்லாண்டிக் பெருங்கடலில் கொட்டச் செய்ததாகப் பின்னாளில் சொன்னார். கடலுக்குள் போனவற்றில் எத்தனை மேன்டில்கள் இருந்தன என்று இன்று யார் எண்ணுவது?

கொட்டியதும் ஒரு காரணம். விரும்புவோர் தொகை அதைவிடப் பெரிய காரணம். 1950-களில் சிறுவர்களாக இருந்த ஒரு தலைமுறை முழுவதும், கையில் காசு சேர்ந்த வயதில் தேடிப் போனது இந்த முகத்தைத்தான். தாம் பள்ளியில் இருந்த காலத்தில் அம்மா குப்பையில் போட்டுவிட்ட அட்டையைத் திரும்ப வாங்குகிறேன் என்று சொல்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன்.

கேள்வி: 1952 அட்டைதான் மேன்டிலின் முதல் அட்டையா?
– ஒரு மாணவர், டாலஸ்

பதில்: இல்லை. பிலடெல்பியாவைச் சேர்ந்த போமன் நிறுவனம் 1951-இல் வெளியிட்ட 253-ஆம் எண் அட்டைதான் அவருடைய அறிமுக அட்டை. புகழ் 1952-க்குப் போய்விட்டது. என் கண்ணுக்கு 1951-தான் அழகு.

கேள்வி: 1954-ஆம் ஆண்டு டாப்ஸ் மேன்டில் எங்கே கிடைக்கும்? பல மாதங்களாகத் தேடுகிறேன்.
– ஒரு வாசகர், சிகாகோ

பதில்: தேட வேண்டாம், அப்படி ஓர் அட்டை அந்த ஆண்டில் வரவில்லை. 1954, 1955 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மேன்டில் போமன் நிறுவனத்தோடு மட்டும் ஒப்பந்தத்தில் இருந்தார். 1956-இல் டாப்ஸ் போமனை விலைக்கு வாங்கியது. அந்த ஆண்டிலிருந்து அவர் மீண்டும் டாப்ஸ் தொகுப்பில் இருக்கிறார். 1954 டாப்ஸ் வடிவமைப்பில் மேன்டில் படத்தோடு எவரேனும் ஒன்றை நீட்டினால், அது பிற்காலத்தில் செய்தது.

கேள்வி: ஒரே அட்டை ஒருவரிடம் பல்லாயிரம் டாலருக்கும் மற்றொருவரிடம் கோடிக்கணக்கிலும் விற்கிறது. இந்தத் தர எண்ணை நம்பலாமா? என்னிடம் உள்ள ஓர் அட்டையின் மூலைகள் சற்று மழுங்கியிருக்கின்றன. ஓரத்தைச் சீராக்கிவிட்டு அனுப்பினால் எண் கூடுமா?
– ஒரு வாசகர், சான் ஹோசே

பதில்: தயவுசெய்து கத்தியைக் கீழே வையுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லிவிட்டே முதலாவதற்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நியூ ஜெர்சியில் அட்டைகள் விற்கும் ஒரு கார்டு ஷோவில் 1962-ஆம் ஆண்டு மேன்டில் அட்டை ஒன்றை வாங்கினேன். எண் 200, சுற்றிலும் மரப்பலகை போன்ற பழுப்புநிறச் சட்டம் வரைந்த அட்டை. அந்தச் சட்டத்தில் சிறு உரசல் பட்டாலும் வெள்ளை தெரிந்துவிடும் என்பதால் குறையில்லாத 1962 அட்டைகள் எளிதில் கிடைப்பதில்லை. இதில் நான்கு மூலைகளும் ஊசிமுனை போல் இருந்தன. மகிழ்ச்சியில் அளந்து பார்க்கவும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, அதே ஆண்டின் சாதாரண அட்டைகள் பத்துக்கு நடுவில் அதைச் செருகி, சீட்டுக்கட்டை அடுக்குவது போல் மேசையில் தட்டி நிறுத்தினேன். பத்து அட்டைகளும் ஒரே மட்டத்தில் நின்றன. மேன்டில் மட்டும் ஒரு மயிரிழை உள்ளே அமிழ்ந்து போனார். லென்ஸை வைத்துப் பார்த்தால், மற்ற அட்டைகளின் விளிம்பில் காகித நார் மங்கிப் பிசிறடித்திருக்க, இதன் வலப்புற விளிம்பு நேற்று வெட்டியது போல் வெளுத்துப் பளபளத்தது. தரச்சான்றுக்கு அனுப்பினேன்; ஓரம் வெட்டப்பட்டது என்ற குறிப்போடு எண் இல்லாமல் திரும்பி வந்தது. விற்றவர் அதன்பின் என் அழைப்பை எடுக்கவில்லை. மழுங்கிய மூலைகளோடு விட்டிருந்தால் அந்த அட்டை பத்துக்கு நான்கு என்ற தரத்தையாவது பெற்றிருக்கும். அறுபது ஆண்டு தாங்கிய ஒரு பொருளை ஒரு நிமிட ஆசைக்கு வெட்டியிருக்கிறார்களே என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

இனி தர எண்ணுக்கு வருவோம். பி.எஸ்.ஏ. நிறுவனம் 1991-இல் தொடங்கியது. படம் சட்டத்துக்குள் நடுவாக அமைந்திருக்கிறதா, மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு எப்படி உள்ளன என்று பார்த்து, 1 முதல் 10 வரை (10-தான் உயர்ந்தது) எண் தந்து, பிளாஸ்டிக் உறையில் மூடி முத்திரையிடுகிறார்கள். எண் ஏற ஏற விலை சீராக ஏறுவதில்லை. மேலே போகப் போகப் பாய்கிறது. 2021 ஜனவரியில் ஒன்பதாம் தரம் பெற்ற 1952 மேன்டில் ஒன்று 52 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2022 ஆகஸ்டில் ஹெரிடேஜ் ஏல நிறுவனம், எஸ்.ஜி.சி. 9.5 தரம் தந்த இன்னொன்றை 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. அதை விற்றவர் 1991-இல் 50,000 டாலர் கொடுத்து வாங்கியிருந்தார். மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு வீட்டில் கிடந்த அட்டைகளை 1980-களின் நடுவில் ஆலன் ரோசன் என்ற வணிகர் வாங்கினார். அந்தக் குவியலிலிருந்து வந்த அட்டை அது. நாம் ஏலச் செய்தியில் பார்க்கும் தொகையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கட்டணமும் அடங்கியிருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். விற்றவர் கைக்கு முழுவதும் போவதில்லை.

நம்பலாமா என்றால், நம்பலாம். உங்கள் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. பி.எஸ்.ஏ. முதன்முதலாக எண் கொடுத்த அட்டை, ஹோனஸ் வாக்னர் என்ற பழம்பெரும் ஆட்டக்காரரின் டி206 என்ற தொகுப்பின் அட்டை. எட்டாம் தரம் பெற்று, 2007-இல் 28 லட்சம் டாலருக்கு விற்றது. அதன் ஓரத்தைத் தாமே வெட்டியதாக, அதை முன்னர் விற்ற பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்ற வழக்கின்போது ஒப்புக்கொண்டார். எனவே உறைமேல் உள்ள எண்ணை ஒரு நிபுணரின் கருத்தாக எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் அட்டையை நீங்களே பாருங்கள். ஒரே நான்காம் தரத்தில் இரண்டு அட்டைகள் இருந்தால், முகத்தின் குறுக்கே மடிப்பு விழுந்த ஒன்றைவிட, மூலை மழுங்கினாலும் நிறம் மங்காமல் நடுவாக அமைந்த ஒன்றுக்குத்தான் நான் கூடுதலாகக் கொடுப்பேன்.

கேள்வி: என் அண்ணன் மகனுக்கு 14 வயது. மேன்டில் அட்டை ஒன்றாவது வேண்டும் என்கிறான். எங்களால் பெரிய தொகை செலவிட இயலாது. எங்கிருந்து தொடங்கலாம்?
– ஒரு வாசகி, அட்லாண்டா

பதில்: 1952-ஐ மறந்துவிட்டு 1960-களின் பிற்பகுதிக்கு வாருங்கள். இரண்டாம் தரமோ மூன்றாம் தரமோ பெற்ற, மூலை தேய்ந்த ஓர் அட்டை போதும். ஒரு சிறுவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த அட்டை அப்படித்தான் இருக்கும், அதில் குறை ஒன்றும் இல்லை. மேன்டிலும் ஹாங்க் ஆரனும் சேர்ந்து நிற்கும் 1958-ஆம் ஆண்டின் 418-ஆம் எண் அட்டையையும் பார்த்து வையுங்கள். இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் ஒரே அட்டையில் இருந்தும், மேன்டில் தனியாக இருக்கும் அதே ஆண்டு அட்டையைவிடப் பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும்.

விற்பவர் கேட்கும் விலை எதற்கும் சான்று ஆகாது. அதே ஆண்டு, அதே தரம், அண்மையில் உண்மையாக விற்று முடிந்த விலைகள் ஐந்தாறு பார்த்து, அவற்றின் நடுவே ஒரு தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உறையில் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் இட்டுப் பார்த்து, அங்கே படம் இருந்தால் கையில் உள்ள அட்டையோடு ஒப்பிடுங்கள். இன்று உறையையும் போலியாகச் செய்கிறார்கள். வாங்கிய பின் வெயில் படாமலும் ஈரம் ஏறாமலும் வைத்தால் போதும். ரப்பர் பேண்டு மட்டும் எந்நாளும் வேண்டாம்.

கேள்வி: 1969 மேன்டில் அட்டையில் பெயர் மஞ்சள் நிறத்திலும் வெள்ளை நிறத்திலும் இருக்கிறது. எது சரியானது?
– ஒரு வாசகர், பாஸ்டன்

பதில்: இரண்டும் அசலே. 500-ஆம் எண் கொண்ட அந்த அட்டையில் குடும்பப் பெயர் மஞ்சளில் வருவது பெருவழக்கு; வெள்ளையில் வந்தவை குறைவு என்பதால் அவற்றின் விலை பன்மடங்கு உயர்ந்தது. வெள்ளை என்று சொல்லி விற்கும்போது, மஞ்சள் வெயிலில் வெளுத்துப் போனதா என்று பாருங்கள். அப்படி வெளுத்திருந்தால் படத்தின் மற்ற நிறங்களும் சேர்ந்து மங்கியிருக்கும்.

விலை எதுவானாலும் எனக்கு மிக நெருக்கமான மேன்டில் அட்டை இதுதான். அவர் 1969 மார்ச் 1-ஆம் நாள் ஓய்வை அறிவித்துவிட்டார். ஜூன் 8-ஆம் நாள் யாங்கீஸ் அணி அவருடைய 7-ஆம் எண்ணை இனி எவருக்கும் தருவதில்லை என்று விலக்கி வைத்தது. அந்த ஆண்டு பபிள்கம் பொட்டலத்தைப் பிரித்த சிறுவனுக்குக் கிடைத்தது, இனிமேல் ஆடப் போவதில்லை என்று அவன் ஏற்கெனவே அறிந்திருந்த ஒருவரின் அட்டை. அதைத் திருப்பினால் ஹோம் ரன் கணக்கு 536 என்று முடிந்திருக்கும்.