பட்ஜெட் லேப்டாப்பில் ஐ3-க்குப் பதில் ஐ5 ப்ராசஸர் போட முடியுமா?

உங்கள் லேப்டாப்பில் இருப்பது ஐ3-5005யூ ப்ராசஸர், 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். இதில் ஐ5 மாற்றினால் வேகம் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாதாரணமாக மாற்ற முடியாது என்பதுதான் பதில்.

டெஸ்க்டாப்பில் லீவரைத் தூக்கினால் ப்ராசஸர் கையோடு வந்துவிடும். உங்கள் லேப்டாப்பில் அதன் அடியில் 1168 குட்டி சால்டர் உருண்டைகள் மதர்போர்டோடு உருகி ஒட்டியிருக்கின்றன. சூடுகாட்டிப் பெயர்த்தெடுக்கும் கடைகள் உண்டுதான். ஆனால் புதுச் சிப்பை பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்க வேண்டும், போர்டும் பிழைக்க வேண்டும். நான் அந்தச் சூதாட்டத்துக்குப் போக மாட்டேன். 2013-இல் வந்த நான்காம் தலைமுறையில் 'எம்' என்று முடியும் ஐ5-4200எம் போன்றவை கழற்றி மாட்டக்கூடிய சாக்கெட்டில்தான் இருந்தன. உங்களுடையதுபோல் 'யூ' என்று முடிந்தால் ஆசையை விட்டுவிடுங்கள்.

சரி, எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு, ப்ராசஸர் சும்மா இருக்கிறதா? அப்படியானால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்றை அதே இடத்தில் போடுங்கள். விண்டோஸ் திறக்கும்போதே வித்தியாசம் தெரியும். அப்புறம் ராமை 8 ஜிபி ஆக்குங்கள். வாங்கும்போது 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகை ராம்தானா என்று ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குங்கள்.