தீவுக்கு மதிப்புப் போடுவதும் ஒரு வேலையா? பந்திங்கிலிருந்து கேட்ட அப்பாவுக்கு

வணக்கம் ஐயா.

ஆறாம் படிவத்தில் படிக்கும் உங்கள் மகள், கணக்கியல் வேண்டாம், இயற்கை வளப் பொருளாதாரம்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். தீவு, கடற்கரை இதற்கெல்லாம் மதிப்புப் போடுகிற வேலை சோறு போடுமா என்பது உங்கள் கேள்வி. போடும். ஆனால் கடலில் முக்குளிக்கலாம் என்ற கனவோடு அவள் போனால் ஏமாந்துவிடுவாள். முக்கால்வாசி நேரம் கேள்வித்தாளும் புள்ளியியலும்தான்.

பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமையானால் கிள்ளான் துறைமுகத்தில் படகேறி எத்தனை குடும்பங்கள் புலாவ் கெத்தாம் போகின்றன! பெட்ரோல், டோல், படகுக் கட்டணம், அன்றைக்கு விட்ட ஓவர்டைம் எல்லாம் சேர்ந்ததுதான் அவர்கள் அந்தப் பொழுதுக்குக் கொடுக்கிற விலை. ஷா ஆலாம்காரர் வருடத்துக்கு எத்தனை தடவை வருகிறார், ஈப்போகாரர் எத்தனை தடவை வருகிறார் என்று விசாரித்து, செலவு ஏற ஏற வருகை எப்படிக் குறைகிறது என்று பார்த்தால், அந்தத் தீவுப் பொழுது மக்களுக்கு எவ்வளவு பெறும் என்று கணக்கிடலாம். பயணச் செலவு முறை என்பார்கள். 1947இல் ஹெரால்ட் ஹோட்டலிங் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிய கடிதத்தில் சொன்ன யோசனை இது. ரெடாங், தியோமான் போன்ற கடல் பூங்காத் தீவுகளுக்கும் பொருந்தும். சிக்கல் இல்லாமல் இல்லை. போகிற வழியில் மாமியார் வீட்டிலும் தலைகாட்டிவிட்டுப் போனால் பெட்ரோல் செலவை எதில் எழுதுவது? இதற்கே தனியாக ஆராய்ச்சி செய்கிறார்கள்.

போகாத இடத்துக்கும் மனிதன் மதிப்புக் கொடுப்பான். 1989இல் அலாஸ்கா கடலில் எக்சான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் கொட்டியபோது, அந்தப் பக்கமே போயிராத அமெரிக்கர்களிடம், இன்னொரு தடவை இப்படி நடக்காமலிருக்க எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். வாயால் சொல்வதை நம்பலாமா என்று பெரிய சண்டை. கடைசியில் நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ இருவரும் தலைமை வகித்த குழு, கடுமையான நிபந்தனைகளோடு அந்த முறையை ஏற்கலாம் என்று 1993இல் சொன்னது.

பண்பாட்டு மதிப்புதான் உண்மையிலேயே கஷ்டம். கேரித் தீவுக்கு உங்களுக்குப் பாலம் தாண்டினால் போதும். செம்பனைக்கு அப்பால் சதுப்புக்காடு, மாஹ் மெரி என்ற பூர்வகுடி மக்களின் கிராமங்கள். அவர்கள் சிலை செதுக்கும் 'நிரே பத்து' (nyireh batu) என்ற மரம் அந்தச் சதுப்புக்காட்டு மரம்தான். காடு போனால் கைத்தொழிலும் போகும். மூதாதையருக்குப் படையல் வைக்கும் ஹாரி மோயாங் நாளுக்கு எந்தப் பயணச் செலவை வைத்து மதிப்புப் போடுவது? அங்கே துறைமுகம் கட்டும் பேச்சு பல வருடமாக ஓடுகிறது. தோட்டம் கைமாறி வீடமைப்பு வரும்போது, நம் தோட்டத்துக் கோயிலை வேறு இடத்துக்கு மாற்ற எவ்வளவு வேண்டும் என்று யாராவது கேட்டால், எத்தனை பேர் தொகை சொல்வார்கள்? பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். கணக்கெடுப்பிலும் அப்படித்தான். பதில் சொல்ல மறுக்கிறவரைப் பூஜ்யம் என்று எழுதிவிடக் கூடாது. அது எதிர்ப்பு, தனியாகக் குறிக்க வேண்டும். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது சீக்கிரம் புரியும் என்பது என் எண்ணம். இந்தத் துறைக்கு அது சின்ன பலம் இல்லை.

சரி, படிப்பு. மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகத்தில் (UMT) இயற்கை வளப் பொருளாதாரம் இருக்கிறது. செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்திலும் இதை ஒட்டிய படிப்புகள் உண்டு, வீட்டுக்கும் பக்கம். எங்கே போனாலும் புள்ளியியல் பாடங்களைத் தட்டிக்கழிக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். 'தீவு மதிப்பீட்டாளர்' என்று யாரும் விளம்பரம் கொடுக்க மாட்டார்கள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்கள், மீன்வளத் துறை, சுற்றுச்சூழல் துறை, ஆய்வுக் கழகங்கள், இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் என்றுதான் தேட வேண்டும். இதை மட்டும் செய்கிற இடங்கள் குறைவு, மறைக்க விரும்பவில்லை. ஆனால் புள்ளியியல் கையில் இருந்தால் வங்கியும் காப்புறுதி நிறுவனமும்கூட எடுத்துக்கொள்ளும். கணக்கியல் அளவுக்கு நேரான பாதை கிடையாது. அதற்காகத் தடுக்கிற அளவுக்கு மோசமும் இல்லை.

முடிவெடுக்குமுன் ஒன்று செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மோரிப் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். எங்கிருந்து வந்தீர்கள், எவ்வளவு செலவானது, வருடத்துக்கு எத்தனை தடவை வருவீர்கள் என்று முப்பது பேரிடம் கேட்கட்டும். மலாய், தமிழ் இரண்டிலும் கேள்விகளை அவளே எழுதட்டும், நீங்கள் தலையிடாதீர்கள். பத்துப் பேரோடு அலுத்துவிட்டால் கணக்கியல் விண்ணப்பத்தை எடுங்கள். இருட்டிய பிறகும் இன்னும் நாலு பேரைக் கேட்கிறேன் என்றாளானால், அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு இருவரும் என்னை வந்து பாருங்கள்; அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியூ (UPU) விண்ணப்பத்தில் எந்தப் படிப்பை முதலில் போடுவது என்று உட்கார்ந்து பேசுவோம்.