‘லோ அஃபினிட்டி பைண்டர்’னு சொல்லி ஸ்கேன் வேணாம்னுட்டாங்க, பயப்படணுமா?

கேள்வி: மூளை அழற்சி பத்தின பெட் ஸ்கேன் ஆராய்ச்சிக்கு வாலண்டியரா போனேன். ரத்தத்துல ஜீன் டெஸ்ட் பண்ணிட்டு, “நீங்க லோ அஃபினிட்டி பைண்டர், ஸ்கேன் எடுக்க முடியாது”ன்னு அனுப்பிட்டாங்க. என் மூளைல ஏதாவது கோளாறா?

பதில்: இல்லைங்க, அந்த ரிசல்ட் உங்க மூளை நல்லா இருக்கா இல்லையான்னு சொல்றதே இல்ல, அவங்க ஊசில போடற டிரேசர் (ஸ்கேன்ல தெரியற லேசான கதிரியக்கப் பொருள்) உங்க உடம்புல ஒட்டுமா ஒட்டாதான்னு மட்டும்தான் சொல்லுது.

மூளைல அழற்சி வந்தா மைக்ரோக்ளியாங்கற மூளையோட நோய் எதிர்ப்பு செல்கள் முழிச்சுக்கும், அப்போ அதுங்களோட மைட்டோகாண்ட்ரியாவுல இருக்கற டிஎஸ்பிஓங்கற புரதம் கூடும், டிரேசர் போய் அதுல ஒட்டறதத்தான் ஸ்கேன் படமா காட்டுது. இந்தப் புரதத்துக்கான ஜீன் 22வது குரோமோசோம்ல இருக்கு, அதுல ஒரே ஒரு எழுத்து மாறினா புரதத்தோட 147வது இடத்துல அலனின்ங்கற அமினோ அமிலத்துக்கு பதிலா த்ரியோனின்ங்கற இன்னொண்ணு வந்துடும். அம்மாகிட்டருந்து ஒண்ணு அப்பாகிட்டருந்து ஒண்ணுன்னு ரெண்டு காப்பியுமே த்ரியோனினா இருந்தா லோ, ஒண்ணு மட்டும்னா மிக்ஸட், ரெண்டுமே அலனின்னா ஹை. பிபிஆர்28ங்கற டிரேசர்ல லோவுக்கும் ஹைக்கும் ஒட்டற பலம் கிட்டத்தட்ட 50 மடங்கு வித்தியாசப்படும், அதனால உங்களுக்கு நிஜமாவே அழற்சி இருந்தாலும் படத்துல ஒண்ணுமே தெரியாது, வீணா கதிர்வீச்சு வாங்கினதுதான் மிச்சம். உங்கள அனுப்பினது சரியான முடிவுதான்.

எனக்கு நிஜமா கவலை தர்றது மிக்ஸட் ஆளுங்க விஷயத்துலதான், அவங்களுக்கு சிக்னல் வரும், ஆனா ஹை ஆளுங்கள விட கம்மியா வரும். நோயாளி குரூப்ல ஹை ஆளுங்க ஜாஸ்தி, ஆரோக்கியமானவங்க குரூப்ல மிக்ஸட் ஜாஸ்தின்னு அமைஞ்சுட்டா, ஜீன் வித்தியாசத்த நோய்னு நம்பிடுவோம். 2012ல இந்த ஜீன் மாற்றம்தான் காரணம்னு தெரியறதுக்கு முன்னாடி, சிலருக்கு மட்டும் ஏன் சிக்னலே வரலன்னு ஆராய்ச்சியாளர்கள் குழம்பிட்டு இருந்தாங்க. இப்போ ஜீன் பாக்காம இந்த வகை ஸ்கேன் ரிசல்ட்ட யாராவது காட்டினா நான் நம்பமாட்டேன். பழைய பிகே11195 டிரேசர இந்த மாற்றம் பெருசா பாதிக்கறதில்ல, ஆனா அதோட சிக்னல் ரொம்ப வீக்.

ஐரோப்பிய வம்சாவளில உங்கள மாதிரி லோ ஆளுங்க சுமாரா பத்துல ஒருத்தர் இருக்காங்க, ஜப்பான், சீனால ரொம்பக் கம்மி.

அந்த ரிசல்ட்ட பத்திரமா வைங்க, அடுத்து டிஎஸ்பிஓ ஸ்கேன்னு யாராவது கூப்பிட்டா முதல்லயே காட்டிடுங்க. அமிலாய்டு ஸ்கேன், குளுக்கோஸ் ஸ்கேனுக்கெல்லாம் இது தடையே இல்ல, அதெல்லாம் வேற இடத்துல போய் சேர்ற டிரேசர். உங்க பிள்ளைங்களுக்கு உங்ககிட்டருந்து ஒரு த்ரியோனின் காப்பி கட்டாயம் போயிருக்கும், அவங்க மிக்ஸட் இல்லன்னா லோவாதான் இருப்பாங்க, இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு அவங்க போனா அதையும் சொல்லி அனுப்புங்க.