வெறுங்கையும் வேலை ஒப்பந்தமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் ஸ்டுட்கார்ட் நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பணியாற்றுகிறேன். என் பெற்றோர் எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக இங்கே வந்தவர்கள். என் பிரிவில் மூன்றாம் தலைமுறை இத்தாலியர் ஒருவரும், 2015இல் ஹோம்ஸ் நகரிலிருந்து வந்த சிரியர் ஒருவரும் இருக்கிறார்கள். மதிய உணவு வேளையில் இத்தாலிய நண்பர் அடிக்கடி ஒன்றைச் சொல்வார்: “எங்கள் தாத்தாக்கள் வெறுங்கையோடு வந்தார்கள், அரசிடம் ஒரு காசு கேட்கவில்லை, உழைத்து வீடு கட்டினார்கள். சிரியர்கள் வந்து பத்து ஆண்டுகளாகியும் பலர் உதவித்தொகையில்தான் வாழ்கிறார்கள்.” சிரிய நண்பர் பதில் பேசுவதில்லை. புலம்பெயர்ந்த இத்தாலியர், புலம்பெயர்ந்த சிரியர் ஆகிய இரு சமூகங்களில் பொருளாதாரத்தில் உயர்ந்து நிற்பது எது? அதற்குக் காரணம் அவர்களுடைய பண்பாடுதானா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் சிரிய நண்பர் பதில் பேசுவதில்லை என்ற வரி என்னை வருத்தியது. அதனால்தான் இந்தப் பதிலைச் சற்று நீளமாக எழுதுகிறேன்.

இரு சமூகங்களையும் உலகளவில் மொத்தமாக எடுத்துக்கொண்டு எது வளமானது என்று கேட்டால் பொருளுள்ள விடை எதுவும் கிடைக்காது. புலம்பெயர்ந்த இத்தாலியர் என்ற சொல்லுக்குள் புவனோஸ் ஐரிஸில் ஐந்தாம் தலைமுறையாக வாழும் வழக்கறிஞரும் இருக்கிறார், சில ஆண்டுகளுக்கு முன் மிலானை விட்டு லண்டனுக்குப் போன பொறியாளரும் இருக்கிறார். புலம்பெயர்ந்த சிரியர் என்ற சொல்லுக்குள் சாவோ பாவ்லோவின் துணி ஆலை முதலாளியின் பேரன் இருக்கிறார். லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் தார்ப்பாய்க் கூடாரத்தில் பனிக்காலத்தைக் கழிக்கும் குடும்பமும் இருக்கிறது. ஒப்பிட வேண்டுமானால் இருவரும் ஒரே நாட்டுக்கு, ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்திருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் உண்மையிலேயே உண்டு. அது பிரேசிலின் சாவோ பாவ்லோ.

1888 மே 13 அன்று பிரேசில் அடிமைமுறையை ஒழித்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே காப்பித் தோட்ட முதலாளிகள் மாற்று ஆட்களைத் தேடத் தொடங்கியிருந்தனர். சாவோ பாவ்லோ அரசு கப்பல் கட்டணத்தைத் தானே ஏற்று, வடகிழக்கு இத்தாலியின் வெனெத்தோ முதலிய பகுதிகளின் ஏழை உழவர்களைக் குடும்பம் குடும்பமாக வரவழைத்தது. சாந்தோஸ் துறைமுகத்தில் இறங்கியவர்கள் ரயிலேறி, சாவோ பாவ்லோவின் பிராஸ் பகுதியில் இருந்த குடியேறிகள் விடுதிக்கு வந்து, அங்கிருந்து தோட்டங்களுக்கு ஒப்பந்தமாகிப் போனார்கள். ஒரு குடும்பம் சில ஆயிரம் காப்பிச் செடிகளைப் பராமரிக்க வேண்டும். ஆயிரம் செடிக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும். செடி வரிசைகளுக்கு இடையே மக்காச்சோளமும் பீன்ஸும் தமக்காகப் பயிரிட்டுக்கொள்ளலாம். தோட்டத்துக் கடையில் வாங்கிய கடன் கூலியை விழுங்கியதும், அபராதமும் கூலிப் பாக்கியும் தொடர்ந்ததும் ரோம் வரை புகாராகச் சென்றன. 1902இல் பிரினெத்தி ஆணை என்று அறியப்படும் உத்தரவின் மூலம், பிறர் கட்டணம் செலுத்தி இத்தாலியர்களைப் பிரேசிலுக்கு அழைத்துச் செல்வதை இத்தாலிய அரசு நிறுத்தியது.

அதே ஆண்டுகளில்தான் ஒஸ்மானியப் (ஓட்டோமான்) பேரரசின் சிரிய மாகாணங்களிலிருந்தும் மக்கள் வந்தார்கள். ஒஸ்மானியக் கடவுச்சீட்டு வைத்திருந்ததால் அவர்களை ஊரார் ‘துர்க்கோ’, அதாவது துருக்கியர், என்றே அழைத்தார்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. இன்று லெபனான் என்றும் சிரியா என்றும் நாம் பிரிக்கும் எல்லை அப்போது கிடையாது. பெரும்பாலும் கிறித்தவர்களான அவர்களுக்கு எந்த அரசும் கட்டணம் செலுத்தவில்லை. நிலத்தை அடகு வைத்தோ உறவினரிடம் கடன் பெற்றோ வந்தார்கள். தோட்ட ஒப்பந்தமும் அவர்களுக்கு இல்லை. முதுகில் பெட்டியைச் சுமந்துகொண்டு ஊசி, நூல், பொத்தான், துணி, திருவுருவப் படங்கள் ஆகியவற்றைத் தோட்டம் தோட்டமாக விற்றார்கள். ‘மஸ்காத்தே’ எனப்பட்ட இந்தச் சுமை வியாபாரத்தில் அவர்களுக்கு முன்பே இத்தாலியர்கள் இருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தவணைக் கடனில் பொருள் தந்து சிரியர்கள் அந்த இடத்தைப் பிடித்தார்கள். அவர்களிடம் துணி வாங்கியவர்களில் பெரும்பகுதியினர் அந்தக் காப்பித் தோட்டத்து இத்தாலியக் குடும்பங்களே. உங்கள் உணவு மேசையில் எதிரெதிரே அமரும் இருவருடைய முன்னோரின் ஊர்க்காரர்கள் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்து வாசற்படியில் கணக்குப் பேசிக்கொண்டு நின்றிருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க எனக்கு மனம் நெகிழ்கிறது.

சுமை வியாபாரிக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது? சாவோ பாவ்லோவின் மார்ச் 25 தெருவில் கடை வைத்திருந்த முன்னோடி ஊர்க்காரரிடமிருந்து, விற்ற பின் பணம் தரலாம் என்ற நம்பிக்கையின் பேரில் வந்தது. பெட்டியிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து மொத்த வியாபாரத்துக்கும், அங்கிருந்து நெசவாலைக்கும் செல்லும் வழி இவ்வாறு அமைந்தது. இவ்வழியில் உயர்ந்த யாஃபெத் குடும்பத்தினர் அந்நகரின் இப்பிராங்கா பகுதியில் பெரும் நெசவாலை நடத்தினார்கள். மகன்கள் மருத்துவமும் சட்டமும் படித்தார்கள். சிரிய, லெபனானியப் பெண்கள் 1921இல் தொடங்கிய சங்கம் பிற்காலத்தில் உருவாக்கிய சிரிய-லெபனானிய மருத்துவமனை இன்று பிரேசிலின் முதன்மையான மருத்துவமனைகளுள் ஒன்று. அந்த நகரில் குடியேறிய சிரியர்களில் பெரும்பகுதியினர் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் தெரியுமா? உங்கள் நண்பரின் ஹோம்ஸிலிருந்துதான். 1920இல் அவர்கள் தொடங்கிய மன்றத்துக்கு ஹோம்ஸ் மன்றம் என்றே பெயர்.

எனவே முதல் தலைமுறையைச் சராசரியாகப் பார்த்தால் சாவோ பாவ்லோவில் சிரியரே விரைவாக ஏறினார்கள். ஆனால் சராசரி என்ற சொல்லையும் நான் முழுதாக நம்பவில்லை. பிரேசிலில் அக்காலத்தின் மாபெரும் செல்வந்தர்களுள் ஒருவரான ஃபிரான்செஸ்கோ மத்தராட்சோ இத்தாலியர்; 1881இல் வந்து, கொண்டுவந்த பன்றிக்கொழுப்புச் சரக்கைக் கடலில் பறிகொடுத்து, சொரோகாபாவில் தொழிலைத் தொடங்கி, 1937இல் இறந்தபோது ஒரு தொழிற்பேரரசையே விட்டுச் சென்றவர். 1917ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தம் மோக்கா பகுதியின் கிரெஸ்பி பஞ்சாலையில் தொடங்கியது. அந்த ஆலையின் முதலாளி இத்தாலியர்; வேலையை நிறுத்தியவர்களிலும் இத்தாலியர் ஏராளம். ஒரே சமூகத்தின் பொருளாதார நலம் என்று நாம் எழுதும் ஒற்றை எண்ணுக்குள் இந்த இரு தரப்பும் அடைபட்டுக் கிடக்கிறது.

அமெரிக்காவில் சட்டம் என்ன செய்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நம்மையும் தொட்டது. அங்கே குடியுரிமை பெற ‘வெள்ளையர்’ என்ற தகுதி தேவைப்பட்ட காலத்தில் இத்தாலியர்களுக்கு அது சட்டப்படி மறுக்கப்படவில்லை. சிரியர்கள் வழக்காடிப் பெற வேண்டியிருந்தது. ஜார்ஜ் டவ் என்ற சிரியர் 1915இல் மேல்முறையீட்டில் வென்றார். 1923இல் பஞ்சாபிலிருந்து குடியேறிய பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தியர்களுக்கு அதே கதவை மூடியது. 1946 வரை அது திறக்கவில்லை. குடியுரிமை பெற முடியாதவர் கலிபோர்னியாவில் விளைநிலம் வாங்க முடியாது. உழைப்பில் எந்தக் குறையும் இல்லாத பஞ்சாபி உழவர்கள் பிறர் பெயரில் நிலத்தைப் பதிய நேர்ந்தது இதனால்தான்.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். 1955 டிசம்பர் 20 அன்று மேற்கு ஜெர்மனி இத்தாலியுடன் ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்நாடு செய்த முதல் ஒப்பந்தம் அது. வெரோனாவில் இருந்த ஜெர்மானிய அலுவலகம் உடல்நிலையைச் சோதித்து, தகுதியுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, வேலை ஒப்பந்தத்துடன் ரயிலேற்றியது. உங்கள் நண்பரின் தாத்தா வெறுங்கையோடு வந்தார் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கையில் ஓர் ஒப்பந்தத் தாள் இருந்தது. ஜெர்மனியில் இறங்கும் முன்பே அவருக்கு வேலையும், நெருக்கடியான முகாம் விடுதியில் ஒரு கட்டிலும் நிச்சயமாகியிருந்தன. அவருடைய துன்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1956 ஆகஸ்ட் 8 அன்று பெல்ஜியத்தின் மார்சினெல் நிலக்கரிச் சுரங்கத்தில் மாண்ட 262 பேரில் 136 பேர் இத்தாலியர்கள். இதே போன்றதோர் ஒப்பந்தத்தின் வழியாகத்தான் இத்தாலியர்கள் அந்நாட்டுச் சுரங்கங்களுக்குள் இறங்கினார்கள்.

இன்னொன்றையும் அவர் மறந்துவிடுகிறார். ஜெர்மனிக்கு வந்த இத்தாலியர்களில் மிகப் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள். வேலை பிடிக்காதவர், உடல் நலிந்தவர், 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வேலையிழந்தவர் எல்லாருக்கும் திரும்பிச் செல்ல ஓர் அமைதியான நாடு இருந்தது. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் விதிகளால் மீண்டும் வரும் உரிமையும் இருந்தது. இன்று வீடு கட்டி வாழ்பவர்கள் எஞ்சியவர்கள். தோற்றவர்கள் கணக்கிலேயே இல்லை. போர்க்காலத்தில் சிரியர்களில் தோற்றவருக்குப் போக இடமில்லை. அவர் ஜெர்மனியின் புள்ளிவிவரத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டியிருந்தது.

2015இல் வந்த சிரியருக்கு வேலை முதலில் வரவில்லை, விண்ணப்பம் முதலில் வந்தது. எந்த மாநிலத்தில் வாழ்வது என்பதை ஒதுக்கீடு முடிவு செய்தது. தொடக்க மாதங்களில் வேலை செய்ய அனுமதி இல்லை. 600 மணி நேர மொழி வகுப்பு இருந்தது. சான்றிதழ்களுக்கு அங்கீகாரம் பெற வேண்டியிருந்தது. முழு அகதித் தகுதி இல்லாமல், அதற்குக் குறைந்த ‘குறைநிலைப் பாதுகாப்பு’ மட்டும் வழங்கப்பட்டவர்கள் 2016 மார்ச் முதல் 2018 ஜூலை வரை மனைவி மக்களை அழைத்துக்கொள்ளவே முடியவில்லை. உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள். எண்பதுகளில் தஞ்சம் கேட்ட ஈழத்தமிழர்களை வேலை செய்யவும் மாவட்ட எல்லையைத் தாண்டவும் விடாமல் வைத்த விதிகளை அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இத்தனைக்குப் பிறகும் நிகழ்ந்தது என்ன? 2015இல் வந்த அகதிகள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால், அவர்களில் சிரியர்களே மிகப் பெரிய பிரிவினர், 2024 வாக்கில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் வேலையில் இருந்தார்கள். நாட்டின் மொத்த அளவு ஏறத்தாழ 70 விழுக்காடு. ஆண்களை மட்டும் பார்த்தால் நான்கில் மூன்று பங்குக்கும் மேல். பெண்களில் 35 விழுக்காடுதான். சிறு குழந்தைகளும், குழந்தைகள் காப்பகங்களில் இடம் கிடைக்காததும் இதற்குப் பெரும் காரணம். அறுபதுகளின் இத்தாலியத் தொழிலாளி பெரும்பாலும் தனியாக வந்த இளைஞர். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கலாப்ரியாவிலோ சிசிலியிலோ இருந்தார்கள், அவர்களைப் பராமரிக்கும் சுமையும் அங்கேயே இருந்தது. தனி ஆளின் கூலியையும் ஐந்து பேர் குடும்பத்தின் உதவித்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நியாயமான கணக்கு ஆகாது. கணிசமான சிரியர்கள் இன்னும் உதவித்தொகை பெறுகிறார்கள் என்பது உண்மை; அவர்களில் குழந்தைகளும், குறைந்த ஊதியத்தில் வேலை செய்துகொண்டே மீதியை அரசிடம் பெறுபவர்களும் அடக்கம். அதே வேளையில் ஜெர்மனியில் பணியாற்றும் வெளிநாட்டு மருத்துவர்களில் சிரியர்களே மிகப் பெரிய குழுவினர், ஐயாயிரத்துக்கும் மேல். 2023இல் ஜெர்மானியக் குடியுரிமை பெற்ற சுமார் இரண்டு லட்சம் பேரில் 75,000க்கும் மேற்பட்டோர் சிரியர்கள். சொந்த வருமானத்தில் வாழ்வதைக் காட்டினால்தான் பொதுவாக அக்குடியுரிமை கிடைக்கும்.

பண்பாடுதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். ஊர்க்காரருக்குக் கடனில் சரக்குத் தரும் வழக்கம் பண்பாடுதான். அதன் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் பண்பாடே முடிவு செய்யும் என்றால் ஒரே ஹோம்ஸ் நகரம் சாவோ பாவ்லோவில் ஆலை முதலாளிகளையும், லெபனானில் வறியவர்களையும் எப்படித் தந்தது? 2021இல் லெபனானில் இருந்த சிரிய அகதிக் குடும்பங்களில் பத்தில் ஒன்பது கொடிய வறுமையில் இருந்ததாக ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன. அலெப்போவின் தொழிலதிபர்கள் துருக்கியின் காஸியன்தெப்புக்கு இயந்திரங்களோடு சென்று ஆலை தொடங்கினார்கள். அதே அலெப்போவின் தையல்காரர்கள் அதே நாட்டில் பணி அனுமதி இல்லாமல் பதிவற்ற தையலகங்களில் குறைந்த கூலிக்குத் தைத்தார்கள். ஊரும் மொழியும் சமையலும் ஒன்றுதான். நுழைந்த வாசலும், கையிலிருந்த முதலும், பெற்ற தாளும் வேறு.

உங்கள் இத்தாலிய நண்பர் பேசாத ஒரு பகுதி உண்டு, அதைத்தான் நான் இந்த ஒப்பீட்டின் மையமாகக் கருதுகிறேன். ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும் குழந்தை எந்த வகைப் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்று பிரிக்கப்படுகிறது. வேலையும் உரிமையும் அமைதியான தாயகமும் இருந்தும், இத்தாலியக் குழந்தைகள் பல பத்தாண்டுகள் மிகக் கீழ்நிலைப் பள்ளிகளிலும் சிறப்புப் பள்ளிகளிலும் தம் எண்ணிக்கைக்கு மீறிக் காணப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஊர் திரும்பிவிடுவோம் என்ற எண்ணத்தில் பெற்றோர் வாழ்ந்ததும், பிள்ளைகள் இரு நாடுகளுக்கும் இடையே அலைந்ததும், பத்து வயதில் மொழி முழுதாகக் கைவராத குழந்தையைப் பள்ளி தரம் பிரித்ததும் அதற்குக் காரணங்கள். 2024 டிசம்பர் 8 அன்று அசாத் ஆட்சி வீழ்ந்த பிறகு சிரியக் குடும்பங்களின் முன்னும் அதே திரும்பும் கேள்வி வந்து நிற்கிறது. ஊராரும் அரசியல்வாதிகளும் அதை உரக்கக் கேட்கிறார்கள்.

அதனால் அடுத்த முறை பேச்சு எழும்போது, வீட்டைப் பற்றிக் கேட்காமல், உங்கள் இத்தாலிய நண்பருடைய தந்தை எந்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார் என்று கேளுங்கள். சிரிய நண்பருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள், நான்காம் வகுப்பு முடிவில் ஆசிரியர் என்ன பரிந்துரைத்தார் என்றும் கேளுங்கள். இருவரும் சொல்வதை எனக்கு எழுதி அனுப்ப முடியுமா?

அன்புடன்.